ஈரக்கைக்கும் திறக்கும் பை

ஒரு பையைத் திறக்க முடியாமல் ஒருவர் பல்லால் கடித்து இழுத்தால் அது அவருடைய தப்பு இல்லை, பையை வரைந்தவரின் தப்பு. இதைப் பதினோரு வருடமாக எங்கள் அலுவலகத்தில் எல்லோர் காதிலும் ஓதிக்கொண்டிருந்தவள் நான். பிஸ்கட் பை, சலவைத்தூள் பை, நாய்த் தீனிப் பை என்று எது மேசைக்கு வந்தாலும் முதலில் திறந்து பார்ப்பேன். திறக்காத பையை வரைந்தவர்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாங்கு வாங்கென்று வாங்குவேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று பேசிக்கொள்வார்கள். அப்போது இருந்ததுதான், மறுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது தூண்டில்காரர் எங்களிடம் வந்தார். அது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். மீன்பிடி சாமான் விற்கும் நாலு கடைகளுக்குச் சொந்தக்காரர். விடுமுறை நாளில் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காருகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். அதுவரை மற்ற கம்பெனிகளின் சரக்கை விற்றவருக்குத் தன் கடைப் பெயரிலேயே சரக்கு போட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மீனை ஏமாற்றுகிற ரப்பர் புழுவை ஒரு தொழிற்சாலை செய்து தரும். அதை வைத்து விற்கும் பையை நாங்கள் செய்ய வேண்டும்.

“சுவத்துல நூறு பை தொங்கும்மா. என் பை மட்டும் வர்றவன் கையப் புடிச்சு இழுக்கணும்.”

“இழுத்துடலாம் சார்.”

“இன்னொண்ணு. ஒரு கையில தூண்டில் இருக்கும். இன்னொரு கை நனைஞ்சு, குளிர்ல வெறச்சுப் போய் இருக்கும். அந்தக் கையால திறக்கணும். அங்க போய்க் கத்தரிக்கோல் தேடிட்டு இருக்க முடியாது.”

எனக்குப் பிடித்த விஷயத்தை அவரே வாயில் போட்டுவிட்டார். அன்று மாலைக்குள் வரைந்துவிட்டேன். பளிச்சென்ற மஞ்சள் பை. வயிற்றுப் பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவான ஜன்னல், உள்ளே இருக்கும் சிவப்பும் பச்சையுமான புழுக்கள் அதன் வழியே தெரியும். மேலே முட்டைக் கண்ணை உருட்டி முழிக்கிற மீன் ஒன்று. இரண்டு ஓரத்திலும் கிழிப்பதற்குச் சின்ன வெட்டு, அதற்குக் கீழே திரும்ப மூட ஒரு ஜிப். பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. அதை முன்பக்கம் போடலாமா என்று மேனேஜர் கேட்டார். மீனின் அழகு கெட்டுப்போகும் என்று நான்தான் சண்டை போட்டுப் பின்னால் தள்ளினேன்.

புழுக்கள் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். காலிப் பையைக் காட்டி யாரையும் ஒத்துக்கொள்ள வைக்க முடியாது, தொங்கவிட்டால் சப்பையாக இருக்கும். அதனால் எங்கள் தொழிலில் உள்ளே ஏதாவது அடைத்து டம்மி செய்வோம். சலவைத்தூளுக்கு உப்பு அடைப்போம், காபித்தூளுக்கு மரத்தூள். ரப்பர் புழுவுக்கு என்ன அடைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. அலுவலகத்துக்குக் கீழே இருந்த சூப்பர் மார்க்கெட்டில் புழு வடிவ ஜெல்லி மிட்டாய் விற்றார்கள். அதே நீளம், அதே நிறம், எடைகூடக் கிட்டத்தட்ட அதேதான். பையில் போட்டுத் தொங்கவிட்டதும் தூண்டில்காரர் கையைத் தட்டினார்.

காட்டி முடித்த டம்மிகளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மிட்டாயைக் குப்பையில் போட மனசு வருமா? வீட்டில்தான் வாலு இருந்தாளே.

வாலு என் அக்கா மகள். நாலு வயது. எதிர்வீட்டுப் பூனையைச் சலவை இயந்திரத்துக்குள் உட்கார வைத்துக் கதவை மூடப் போன நாளிலிருந்து அவளை யாரும் நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்கா புருஷன் வெளியூர் வேலைக்குப் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவுக்கு மருந்துக் கிடங்கில் வேலை, விடிந்ததும் கிளம்பிவிடுவாள். வாலுவைக் குளிப்பாட்டி, ஊட்டி, நர்சரியில் விடுவது நான்தான்.

டம்மிப் பையை வாலுவிடம் கொடுத்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. குளிரில் விறைத்த ஆளுடைய விரலுக்கு எவ்வளவு வலு இருக்கும்? ஒரு குழந்தை விரலுக்கு இருப்பதுதான். அவள் கையைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு, “எங்க, திறந்து காட்டு பாப்போம்,” என்றேன். முதல் பையோடு அவள் மல்லுக்கட்டி, பல்லால் கடித்து, கடைசியில் என் மேலேயே தூக்கி எறிந்தாள். கிழிக்கும் வெட்டை மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன். அடுத்த முறை வெட்டு சரியாக இருந்தது, பை வழுக்கியது. வழுக்காத படலத்துக்கு மாற்றினேன். மூன்றாவது பையை அவள் ஈரக்கையால் நாலு வினாடியில் கிழித்து, ஜிப்பையும் பிளந்து, ஒரு புழுவை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன்.

“இந்த முழிக்கிற மீன் இருந்தா, அது உனக்குத்தான். சித்தி பையில எப்ப பார்த்தாலும் எடுத்துக்கோ,” என்றேன்.

இந்த வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து நிஜப் புழுக்கள் வந்தன. பெட்டியைத் திறந்ததும் ஸ்ட்ராபெரி வாசனை அலுவலகம் முழுக்கப் பரவியது, மீனுக்கு வாசனை பிடிக்குமாம், ரப்பரில் உப்பும் கலந்திருக்குமாம். ஒவ்வொரு புழுவுக்குள்ளும் ஒரு தூண்டில் முள் ஏற்கெனவே செருகியிருந்தது. முள்ளின் கூர் ரப்பருக்குள் புதைந்து கிடக்கும். பாசியில் சிக்காமல் இருக்க அப்படி. விரலால் தடவினாலும் முள் இருப்பது தெரியாது. பைக்கு ஆறு புழுவாகப் பன்னிரண்டு பைகள் அடைத்தேன். மறுநாள் பத்து மணிக்குத் தூண்டில்காரர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் அச்சுக்குப் போய்விடும். அதற்கு முன் காலை வெளிச்சத்தில் எங்கள் பால்கனியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

நான் கவனமில்லாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொழிற்சாலை தனியாக அனுப்பியிருந்த உதிரி முட்களை ஒரு தகர டப்பாவில் போட்டு அலமாரியின் உச்சியில் வைத்தேன். இரண்டு முறை எண்ணிப் பார்த்துத்தான் வைத்தேன். பைகளை மட்டும் தோள்பையில் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டினேன். அவை பேக் ஆகிவிட்டவை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பொருள் பைக்குள் போய்விட்டால் அது பத்திரமாகிவிட்டது.

காலையில் படம் எடுத்து முடித்து, பைகளைத் திரும்பத் தோள்பையில் போட்டு அதே கொக்கியில் மாட்டி, குளித்துவிட்டு வந்தேன். வாலு தன் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகச் சமர்த்தாக வாசலில் நின்றாள். நர்சரி வாசலில் இறங்கும்போது, “சித்தி, இன்னைக்கு நான் எல்லாருக்கும் குடுக்கப் போறேன்,” என்றாள். நான் கைபேசியில் மேனேஜருக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். “குடு குடு, சமத்து,” என்றேன்.

தூண்டில்காரரின் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மேசைமேல் பைகளை அடுக்கினேன். அவர் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே தண்ணீர்க் குவளையில் விரலை நனைத்து, ஓரத்தைப் பிடித்துக் கிழித்தார். சர்ரென்று திறந்தது.

“அடேங்கப்பா! பச்சப்புள்ள கூட திறக்கும் போலயே!”

நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு புழுவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார்.

“முள்ளு எங்கேன்னு தெரியுதா? தெரியாது. மீன் வாயில கவ்வுற வரைக்கும் அதுக்கும் தெரியாது. கடிச்சுதுன்னு வைங்க...” லேசாக அழுத்தினார். ரப்பர் அமுங்கியது. முள்ளின் கூர் பொசுக்கென்று வெளியே வந்து மினுங்கியது. “அவ்ளோதான். அப்புறம் எங்க போகும்?”

முள்ளின் பக்கவாட்டில் இருந்த சின்னச் சிலாம்பைக் காட்டினார். உள்ளே போன முள் திரும்பி வராமல் பிடிப்பது அதுதான்.  

“பன்னெண்டுன்னு சொன்னீங்க. பதினொண்ணுதானே இருக்கு?” என்றார்.

தோள்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, சாவி, குடை, பேனா. திரும்ப எண்ணினேன். பதினொன்று. வீட்டுக் கதவுக் கொக்கி கண்முன் வந்தது, கொக்கிக்குக் கீழே வாலுவின் சின்ன நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. குளித்துவிட்டு வந்து அதை ஓரமாகத் தள்ளியது நான்தான். எல்லாருக்கும் குடுக்கப் போறேன் என்றாள். குடு குடு என்றேன்.

“என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. 

நர்சரிக்குப் போன் அடித்தேன். அங்கே இருப்பது ஒரே ஒரு போன், வாசல் அறையில். அடித்து அடித்து ஓய்ந்தது. அக்காவுக்கு அடித்துப் பயனில்லை, கிடங்கில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மணி பத்து பத்து. குழந்தைகள் பத்தரைக்குத்தான் தின்பண்ட டப்பாவைத் திறப்பார்கள். ஸ்கூட்டரில் கால்மணி நேரம். போய்விடலாம், போய்விடலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு சிக்னலில் நின்றேன், அடுத்ததில் நிற்கவில்லை. பின்னால் யாரோ என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். திட்டட்டும். ஆறு புழு. அந்த அறையில் பதினாலு குழந்தைகள். பிய்த்துக் கொடுப்பாளா, முழுசாகக் கொடுப்பாளா? மென்று தின்பார்களா, அப்படியே விழுங்குவார்களா? அவள் விழுங்குகிற ரகம். எனக்குத் தெரியும், நான்தான் தினமும் மெல்லு மெல்லு என்று கெஞ்சுகிறவள். விழுங்கினால் அது எதுவரை போகும் என்று யோசிக்கக்கூடாது என்று நினைத்தேன், யோசித்தேன்.  பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை.

நர்சரி வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வழியில் வந்த ஆயா, “இன்னைக்கு மழைங்கிறதால விளையாட விடல, முன்னாடியே சாப்பிட உக்கார வெச்சுட்டோம்,” என்று ஏதோ சாதாரணமாகச் சொன்னார்.

அறைக் கதவைத் தள்ளினேன். தாழ்வான மேசைகள், திறந்த டப்பாக்கள், பிஸ்கட் தூள். நடுமேசையில் அந்த மஞ்சள் பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“யாரும் சாப்பிடாதீங்க! கீழ போடுங்க!” என்று என் குரலே எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்குக் கத்தினேன்.

 இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டீச்சர் சொம்போடு திரும்பினாள். நான் பையைப் பிடுங்கி எண்ணினேன். நாலு. கண்ணாடி போட்ட ஒரு பையன் தன் டப்பா மூடியைக் காட்டினான், அதில் ஒன்று எச்சிலோடு கிடந்தது. “உப்பா இருக்கு ஆன்ட்டி. வேணாம்னு துப்பிட்டேன்,” என்றான். அதை எடுத்துப் பார்த்தேன். முள் உள்ளேயே இருந்தது. அவன் தலையில் கை வைத்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அஞ்சு. இன்னும் ஒன்று.

டீச்சர் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனால் கெட்டிக்காரி. சொம்பை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல், “யார் வாய் பெரிய வாய்னு பாக்கலாமா? எல்லாரும் ஆ காட்டுங்க!” என்றாள். குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள். நாங்கள் இருவரும் குனிந்து குனிந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தோம். பிஸ்கட், பால் பல், சொத்தைப் பல், திராட்சைத் தோல். பதிமூன்று வாய்.

பதினாலாவது வாய் மூடியிருந்தது. வாலு மூலையில் நின்றாள். இரண்டு கையாலும் கவுனைப் பிடித்திருந்தாள். வலது கன்னம் உப்பியிருந்தது.

நான் கத்தியபோது அது அவள் கையில் இருந்திருக்கிறது. திட்டுவேன் என்று பயந்து, ஒளித்துவைக்க வேறு இடம் இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சத்தம் போடாமல் நுழைந்திருந்தால் அவள் ஓடிவந்து அதை என் கையில் கொடுத்திருப்பாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்காது.

டீச்சர் கையை நீட்டிக்கொண்டு அவளை நோக்கிப் போனாள். நான் தடுத்தேன். பிடித்தால் பல்லைக் கடிப்பாள். கடித்தால் முள் வெளியே வரும். அழவும் விடக்கூடாது. அழத் தொடங்கும் குழந்தை முதலில் மூச்சைத்தான் உள்ளே இழுக்கும். அவள் முகவாய் ஏற்கெனவே நடுங்க ஆரம்பித்திருந்தது.

தரையில் உட்கார்ந்தேன். 

“வாலு, சித்தி உன்ன திட்டல. அந்த டீவி சீரியல் பொம்பள மாதிரி சும்மா கத்திப் பாத்தேன்.”

தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

“நீ திருடல கண்ணு. சித்திதானே எடுத்துக்கோன்னு சொன்னேன்? சித்திதான் தப்பு பண்ணிட்டேன். அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். சரியா? கடிக்காத. மெல்லாத. நாக்க அப்படியே வெச்சுக்கோ.”

பிடிக்காத காய்கறியைத் தினமும் அவள் துப்புவது என் உள்ளங்கையில்தான். கையை அவள் முகவாய்க்குக் கீழே நீட்டினேன்.  

“சித்தி கையில துப்பிடு.”

ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. வாயைக் கொஞ்சமாகத் திறந்து நாக்கால் தள்ளினாள். சிவப்புப் புழுவின் வால் வெளியே வந்து தொங்கியது. அதற்கு மேல் வரவில்லை. அவள் கண் பெரிதானது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. முள்ளின் கூர் அவள் உதட்டின் உட்பக்கம் ஏறியிருந்தது.

“இழுக்காதீங்க!” என்று டீச்சர் கத்தினாள். நான் இழுக்கவில்லை. சிலாம்பு இருக்கிறதே. அந்தக் கடையில் அரைமணி நேரம் முன்பு பார்த்தேனே.

தொங்கிய வாலை என் விரலால் தாங்கிப் பிடித்தபடியே மருத்துவமனைவரை போனோம். டீச்சர் காரை ஓட்டினாள். வாலு அழவில்லை. என் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை முன்னாலேயே தள்ளி நுனியை உதட்டு வழியே வெளியே வரவைத்து, சிலாம்பைக் குறட்டால் நறுக்கி, மிச்சத்தைப் பின்னால் உருவினார். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான்தான் பிடித்தேன். அப்போது அவள் போட்ட கூச்சலை எழுத எனக்குத் தெம்பில்லை.

“இன்னும் பின்னாடி போய் மாட்டியிருந்தா தொண்டை,” என்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “என்ன பை அது? பாத்தா எனக்கே எடுத்துத் தின்னணும் போல இருக்கு.”

டீச்சர் நேரில் போய்ச் சொல்ல, அக்கா கிடங்குச் சீருடையோடு வந்தாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன், ஈரக்கை சோதனை உள்பட. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அந்த ரூம்ல எத்தன குழந்தைங்க?”

“பதினாலு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். 

அந்தப் பை அச்சுக்குப் போகவில்லை. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, மஞ்சள் பைகளை நானே நறுக்கிப் போட்டேன். கத்தரிக்கோல் இல்லாமல் திறக்கவே முடியாத கெட்டி அட்டைப் பெட்டி ஒன்றை வரைந்தேன். ஜன்னல் கிடையாது. முன்பக்கம் முழுக்க முள்ளின் படம். தூண்டில்காரர் முதலில் முணுமுணுத்தார். விஷயம் தெரிந்ததும் ஒத்துக்கொண்டார். தனக்கும் பேத்தி உண்டு என்று மட்டும் போனில் சொன்னார்.

மூன்றாம் நாள் தையல் கொஞ்சம் ஆறியிருந்தது. மெதுவான ஆகாரம் கொடுக்கலாம் என்றார்கள். வாழைப்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி எடுத்துக்கொண்டு வாலுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நான் கையை நீட்டினால் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வாயைத் திறக்கிறவள். அன்று துண்டை என் கையிலிருந்து வாங்கினாள். மெதுவாக இரண்டாகப் பிட்டாள். உள்ளே பார்த்தாள். விரலால் குத்திப் பார்த்தாள்.

“இதுல முள்ளு இருக்கா சித்தி?”

“இல்ல கண்ணு. வெறும் பழம்.”

 ஒரு பாதியை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“நீ முதல்ல கடி.”

கடித்தேன். நான் மென்று விழுங்கும் வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றப் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள்.